உளவியல் எடுக்கலாமா?

ப்ளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளிலிருந்து எங்கள் கல்லூரி உளவியல் துறைக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில் இடம் இருக்காது. அப்பா கையில் பிளாஸ்டிக் ஃபைல், அம்மா கையில் தண்ணீர் பாட்டில், நடுவில் பிள்ளை. பிள்ளை பெரும்பாலும் பேசாது. அம்மாதான் தொடங்குவார்: “இவ சின்ன வயசுலேர்ந்தே எல்லாரோட கஷ்டத்தையும் உக்காந்து கேப்பா மேடம். அதான் இந்தப் படிப்பு சரியா இருக்கும்னு…” அப்பா முடிக்க விடமாட்டார்: “மூணு வருஷம் முடிச்சா டாக்டர்னு போட்டுக்கலாமா?”

ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன. இந்த இரண்டு வாக்கியங்கள் மாறுவதில்லை. இளநிலை உளவியல் ஒரு நாற்றங்கால் என்று சொல்வேன். நாற்றை எங்கே நடப்போகிறோம் என்று யோசித்து வருபவர்களுக்கு அருமையான படிப்பு. நாற்றங்காலிலேயே கதிர் அறுக்க நினைத்து வந்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. கீழே உள்ளவை பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னவை. அடுத்த ஃபைல் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டவையும் உண்டு.

சேரும் முன்

செய்யுங்கள்: ஏழாம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மனதில் இருக்கும் படம் ஒன்றுதான்: ஓர் அறை, இரண்டு நாற்காலி, எதிரில் ஒருவர் மனம் திறந்து பேசுகிறார். அந்த அறைக்குப் போகும் வழி நீளமானது. மருத்துவமனைகளில் வேலை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இத்தனை காலமும் இருந்த பாதை இது: இளநிலை மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, அதற்குமேல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். இரண்டு ஆண்டு. கூட்டினால் ஏழு. அந்தக் கவுன்சிலை நாங்கள் ஆர்.சி.ஐ. என்போம், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று வரையறுக்கும்போதும் ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தைத்தான் கேட்கிறது. எம்.ஃபில். இடங்களோ மிகக் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களின் நுழைவுத்தேர்வுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆள் வருவார்கள்.

இப்போது அந்தப் பாதையே தோண்டிப் போட்ட சாலைபோல் கிடக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டுவரை விதிவிலக்குக் கொடுத்தது. அதற்கு மாற்றாக ஆர்.சி.ஐ. நான்காண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை எனப் புதிய கிளினிக்கல் சைக்காலஜி படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பெயரில் பதிவு கிடைக்கும் என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நேராகப் பாருங்கள். சீனியர் அக்கா சொன்னது அவர் சேர்ந்த வருடத்துக்கு உண்மை. உங்கள் வருடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. அவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்குமேல் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். உளவியல் படித்தவர் பேச்சுவழி சிகிச்சை தருவார், சோதனைகள் செய்வார், அறிக்கை எழுதுவார், மருந்து எழுதமாட்டார். அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: டாக்டர் என்று போட்டுக்கொள்ள முடியாது. பின்னால் பிஎச்.டி. முடித்தால் போட்டுக்கொள்ளலாம், அப்போதும் ஊசி போடும் டாக்டர் இல்லை.

ஒரு வருடம், அரியலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார். “ஏழு வருஷம்னா சின்னவன் காலேஜ் முடிச்சிடுவான்” என்றார். கோபம் இல்லை, கணக்குதான். அந்தப் பெண்ணை நாங்கள் மூன்றாண்டு உளவியல், பிறகு சமூகப் பணியில் இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. என்று திட்டமிடச் சொன்னோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் வேலைக்குப் போய்விட்டாள். கணக்கு முன்கூட்டியே போட்டதால் கிடைத்த வழி அது. இறுதியாண்டில் வந்து அழுதிருந்தால் ஒரு வருடமாவது வீணாகியிருக்கும்.

செய்யாதீர்கள்: ‘நன்றாகக் கேட்பேன்’ என்பதை மட்டும் தகுதியாக நினைக்காதீர்கள்

நன்றாகக் கேட்பது நல்ல குணம். முதல் செமஸ்டரில் உங்களுக்கு வரப்போவது மூளையின் பாகங்கள், நரம்பணுவில் மின்சமிக்ஞை ஓடும் விதம், கண்ணின் விழித்திரை, நினைவாற்றல் சோதனைகள். “மேடம், மனுஷங்களைப் பத்தி எப்போ வரும்?” என்று அக்டோபரில் கேட்கும் பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு. ஆர்ட்ஸ் குரூப் பிள்ளைகள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். காமர்ஸ் படித்தவர்கள், வரலாறு படித்தவர்கள் எங்கள் துறையில் முதல் மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள். உயிரியல் தெரியாதது குறையில்லை, தெரிந்துகொள்ள மறுப்பதுதான் குறை.

செய்யுங்கள்: பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்று கேட்பதை விட்டுவிட்டு பாடத்திட்டத்தைக் கேளுங்கள்

பட்டத்தின் பெயர் பல்கலைக்கழகத்தின் பழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்பதே விஷயம். புள்ளியியல் எத்தனை தாள்? ஆராய்ச்சி முறைகள் தனித்தாளா, ஏதோ ஒன்றின் ஐந்தாவது யூனிட்டா? பிராக்டிகல் எத்தனை செமஸ்டர்? கடைசி வருடம் புராஜெக்ட் உண்டா? துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், கட்டணம் கட்டப்போவது நீங்கள். லைப்சிக் நகரில் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் திறந்ததைத்தான் இந்தத் துறையின் பிறந்தநாள் என்று முதல் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதற்குப்பின் 1916-இல் கல்கத்தாவிலும் 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறை தொடங்கிய கதையும் வரும். ஆய்வகத்தில் பிறந்த படிப்பை ஆய்வகம் இல்லாமல் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. பூட்டைத் திறக்கச் சாவி தேடுகிறார்கள் என்றாலே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் இணையவழி விண்ணப்பம் தனி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு தனி. இரண்டின் கடைசித் தேதிகளையும் ஒரே காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். க்யூட் விண்ணப்பம் பெரும்பாலும் ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெஞ்சுக்கு வருபவர்களில் பலர் அதை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். தனியார் கல்லூரியில் ஒரே படிப்பு எய்டடில் ஒரு கட்டணம், செல்ஃப் ஃபைனான்ஸில் வேறு கட்டணம் என்று இருக்கும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1000 ரூபாய். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும், விடாதீர்கள்.

செய்யாதீர்கள்: அஞ்சல்வழியில் சேராதீர்கள்

முன்பெல்லாம் இதற்கு நீண்ட வாதம் வைக்க வேண்டியிருந்தது. உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைதூர முறையிலும் ஆன்லைன் முறையிலும் நடத்தக்கூடாது என்று 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடுத்துவிட்டது. அதன் பிறகும் யாராவது “வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி” என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

செய்யாதீர்கள்: வார இறுதிச் சான்றிதழை நம்பிப் பட்டத்தை விடாதீர்கள்

சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

சேர்ந்த பிறகு

செய்யுங்கள்: புள்ளியியலோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள்

கணக்கிலிருந்து தப்பிக்க உளவியலுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களை முதலாண்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கேரெட்டின் புள்ளியியல் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் முகத்தில் தெரியும். அவர்களிடம் நான் சூத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்வேன்.

அவர் ஒரு நாள் கையில் ஒரு தாளோடு வந்தார். எட்டு வயதுப் பையனுக்கு எங்கேயோ அறிவுத்திறன் சோதனை செய்திருக்கிறார்கள். மதிப்பெண் 84. கீழே “சராசரிக்கும் குறைவு” என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து, முடிந்தது. அந்த அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. “எம் புள்ள மந்தமா மேடம்?” என்றார்.

அந்த வகைச் சோதனையில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. நூறு குழந்தைகளுக்குச் சோதனை செய்தால் ஏறக்குறைய 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். 85-க்குக் கீழே சுமார் 16 பேர். நாற்பது பேர் வகுப்பில் ஆறேழு பிள்ளைகள்! அவர்களில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவனும் இருப்பான், கணக்கில் மட்டும் தடுமாறுபவளும் இருப்பாள், அன்று காலை காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தவனும் இருப்பான். அதே பையனுக்கு மறுபடி சோதித்தால் நான்கைந்து புள்ளி கூடலாம், குறையலாம். அளவுகோலுக்கே அந்த ஆட்டம் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு என்ற பேச்சு எழுவது 70-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான். அங்கே நூற்றுக்கு இரண்டு பேர் போல இருப்பார்கள். அப்போதும் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. குழந்தை தானே சாப்பிடுகிறதா, சட்டைப் பொத்தான் போடுகிறதா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறதா என்று அன்றாட வாழ்க்கைத் திறனையும் தனியாக அளக்க வேண்டும். அதற்கென்றே வைன்லாண்டு அளவுகோல் இருக்கிறது; அதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாலின் மாற்றியமைத்த வடிவம்தான் இங்கே புழக்கத்தில் இருக்கிறது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டவருக்குச் சோதனை செய்யத் தெரிந்திருந்தது. திட்ட விலக்கம் என்றால் என்னவென்று உள்ளுக்குள் இறங்கவில்லை. ஒரு வாரத் தூக்கம் போனது வேறொருவருக்கு. எங்கள் பிள்ளைகள் புள்ளியியல் வகுப்பில் கொட்டாவி விட்டால் இந்த 84-ஐ பலகையில் எழுதுவேன்.

பயிற்சிக்கு வழிகள் எளிது. பிறந்த தேதியிலிருந்து வகுப்பு மதிப்பெண்வரை எதையாவது எக்ஸெலில் போட்டுச் சராசரியும் விலக்கமும் பாருங்கள். பிறகு ஜமோவி, ஜாஸ்ப் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் ஆர் மொழி கொஞ்சம் பழகினால் முதுநிலை நேர்காணலில் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

செய்யாதீர்கள்: ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள்

முல்லர்-லையர் பிராக்டிகல் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்ளே மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்று பல தடவை அளந்து பிழையைக் கணக்கிட வேண்டும். சலிப்பான வேலை. அதனால் சீனியரின் நோட்டை வாங்கி, எண்களை ஒன்றிரண்டு மாற்றி, “என் சோதனைக்கு உட்பட்டவர் இருபது வயதுப் பெண்” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இருபது நோட்டில் அதே இருபது வயதுப் பெண்.

தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல் கண்டுபிடிக்காமல் போகலாம். நான் கவலைப்படுவது வேறு. உளவியல் ஆய்விதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பெரியதொரு குழு மறுபடி செய்து பார்த்தது; 2015-இல் வெளியான அந்த முயற்சியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மட்டும்தான் பழைய முடிவு வந்தது. பழைய ஆய்வுகளைச் செய்தவர்கள் எல்லாரும் பொய் எழுதியவர்கள் அல்ல. சிறிய மாதிரி, அவசர முடிவு, வசதியான எண்ணை மட்டும் வெளியிடும் வழக்கம், எல்லாம் சேர்ந்த குளறுபடி. வசதியான எண்ணை எடுக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் ரெக்கார்டு நோட்டைத்தான் காட்டுவேன்.

அந்தச் சலிப்பான கோடுகளுக்குள் சுவையான செய்தி ஒன்றும் இருக்கிறது. சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஊரொன்றில் வாழ்ந்தவர்கள் அந்தக் கோட்டில் நிறைய ஏமாந்தார்கள். கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் கிட்டத்தட்ட ஏமாறவே இல்லை. கண் என்றால் எல்லாருக்கும் ஒரே கண் என்றுதானே நினைப்போம்! 2010-இல் ஹென்ரிக்கும் அவர் தோழர்களும் இதை முன்னால் வைத்தே, மேற்கத்திய கல்லூரி மாணவர்களைச் சோதித்துவிட்டு ‘மனிதன் இப்படி’ என்று எழுதும் பழக்கத்தைக் கேள்வி கேட்டார்கள். உங்கள் பாடப்புத்தகத்தின் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தில் எழுதப்பட்டது. படியுங்கள், மதிப்பெண் எடுங்கள். ‘இது எங்க தெருவுக்குப் பொருந்துமா’ என்று ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

செய்யாதீர்கள்: சித்திக்கு நோய்ப்பெயர் வைக்காதீர்கள்

மனப்பிறழ்வுத் தாள் வரும் செமஸ்டரில் இது அம்மைபோல் பரவும். முதல் வாரம் தனக்கே எல்லா நோயும் இருப்பதாகத் தோன்றும். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வரும் பழைய வியாதிதான். இரண்டாவது வாரம் அண்ணனுக்கு ஓசிடி, ஹாஸ்டல் வார்டனுக்கு நார்சிசம். என் மாணவி ஒருத்தி வளைகாப்பு வீட்டில் வைத்து, “சித்திக்கு பைபோலார், அதான் ஒரு நாள் சிரிக்கிறாங்க, ஒரு நாள் எரிஞ்சு விழறாங்க” என்று சொல்லிவிட்டாள். சித்தி இரண்டு வருடம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பின்னால் தெரிந்தது, அந்தச் சித்திக்குத் தைராய்டு.

கூடவே இன்னொரு சொல். சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்ததுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. நம் சினிமா அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டது. “நீ கீழ்ப்பாக்கம் கேஸு” என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து முதலாண்டிலேயே போய்விட வேண்டும். நாளைக்கு அந்த வாசலில்தான் இன்டர்ன்ஷிப் கேட்டு நிற்கப்போகிறீர்கள்.

செய்யுங்கள்: தமிழில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாடம் ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில், எதிரில் உட்காரப்போகிறவர் பேசுவது தமிழில். இந்த இடைவெளியைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

யாரும் வந்து “எனக்கு டிப்ரஷன்” என்று நோய்ப்பெயரோடு உட்காருவதில்லை. நகரத்து இளைஞர்கள் சிலர் சொல்வார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் சொல்வது: “எதுலயும் பிடிப்பில்ல.” “நெஞ்சு படபடங்குது.” “தலையில பாறாங்கல்ல வெச்ச மாதிரி.” “விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது.” “கை காலெல்லாம் கொடச்சல், ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லங்கறாங்க.” “சாமி இறங்கல, காத்து கருப்பு பட்டிருச்சுன்னு சொல்றாங்க.” விடிகாலை விழிப்பு என்ற ஒரு வரி, மனச்சோர்வை அடையாளம் காண எவ்வளவு உதவும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது நம் ஊர்ப் பேச்சில் எப்படி வரும் என்பது புத்தகத்தில் இல்லை. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, பாட்டி, பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா, டீக்கடைக்காரர் மனக்கஷ்டத்துக்குச் சொல்லும் சொற்களை மூன்று ஆண்டும் சேர்த்துவாருங்கள். பெயர் எழுத வேண்டாம், சொல் மட்டும் போதும். கோவைச் சொல் வேறு, நெல்லைச் சொல் வேறு. முதுநிலைக்குப் போகும்போது அந்த நோட்டுதான் உங்கள் கையிலிருக்கும் மிக நல்ல கருவி.

மக்கள் முதலில் எங்கே போகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். குணசீலம் பெருமாள் கோயில், ஏர்வாடி தர்கா என்று நம்பிக்கையோடு போகும் இடங்கள் இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் உளவியல் படிக்கும் பிள்ளைக்கு ஃப்ராய்டின் பிறந்த ஆண்டைவிட இந்தத் தேதி முக்கியம் என்பது என் கட்சி. இன்று அந்தத் தர்கா வளாகத்தில் வேண்டுதலோடு மருத்துவமும் தரும் அரசுத் திட்டம் நடக்கிறது. நம்பிக்கையைக் கேலி செய்யாமல் நோயாளியை மருந்துக்கு அழைத்துவருவது எப்படி என்பதை அங்கே வேலை பார்ப்பவர்களிடம்தான் கற்க வேண்டும்.

செய்யுங்கள்: இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எங்காவது போய் உட்காருங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன: சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் வந்த சிநேகா, தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய தி பேனியன். மற்ற ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஊரில் சிறப்புப் பள்ளி இருக்கும், முதியோர் இல்லம் இருக்கும், குடிநோய் மீட்பு மையம் இருக்கும். கல்லூரிக் கடிதத்தோடு போய், “ஓரமா உக்காந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஆலோசனை சொல்ல அல்ல, பார்க்க. சிறப்புப் பள்ளியில் ஒரு மாதம் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, ஷூ லேஸ் கட்டிவிட்டு வந்த என் மாணவன் வளர்ச்சி உளவியலில் எழுதிய விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஹர்லாக் எழுதிய பாடப்புத்தகத்தில் இல்லாத வரிகள் அதில் இருந்தன.

செய்யாதீர்கள்: காசு கொடுத்து ஆன்லைன் ‘இன்டர்ன்ஷிப்’ வாங்காதீர்கள்

பத்து நாள், தினம் ஒரு வீடியோ, கடைசியில் சான்றிதழ். நேர்காணலில் “அங்கே யாரைப் பார்த்தாய்?” என்ற ஒரே கேள்வியில் உடைந்துவிடும்.

செய்யாதீர்கள்: சொந்தக் காயத்துக்குப் பாடத்தை மருந்தாக்காதீர்கள்

இதைப் பெஞ்சில் சொல்வதில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். வீட்டில் அடி வாங்கிய பிள்ளை, தற்கொலையில் ஒருவரை இழந்த பிள்ளை, தன் மனதே தனக்குப் புரியாமல் தவிக்கும் பிள்ளை இந்தப் படிப்புக்கு நிறைய வருகிறார்கள். வருவதில் தவறே இல்லை. நல்ல உளவியலாளர்கள் பலர் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் பாடம் சிகிச்சை ஆகாது. மன அதிர்ச்சி பற்றிய பாடத்தை அரையாண்டுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது ஆறிவரும் புண்ணைக் கிளறவும் செய்யும். உதவி தேவைப்படும்போது ஒருவரிடம் போங்கள். 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது: 14416. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உளவியல் மாணவர் கூப்பிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மூன்றாம் ஆண்டில்

செய்யுங்கள்: ஐந்தாவது செமஸ்டரிலேயே முடிவெடுங்கள்

முதுநிலை உளவியலா? மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை க்யூட். மற்றவற்றுக்குத் தனித்தனி நுழைவுத்தேர்வு. சமூகப் பணியா? எம்.எஸ்.டபிள்யூ. மனிதவளமா? எம்.பி.ஏ.வுக்கு உளவியல் நல்ல அடித்தளம். அங்கே போவதைத் தோல்வியாக நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆட்சிப் பணியா? சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். கல்லூரி ஆசிரியரா? முதுநிலைக்குப் பின் நெட் தேர்வு. வெளிநாடா? அமெரிக்காவில் உரிமம் பெற்ற உளவியலாளராக, பெரும்பாலும் முனைவர் பட்டம்வரை போக வேண்டும். பிரிட்டன் என்றால் அங்குள்ள உளவியல் சங்கம் அங்கீகரித்த படிப்பா என்று முதலில் பாருங்கள். ஏஜென்ட் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.

செய்யாதீர்கள்: பட்டம் வாங்கிய வாரமே போர்டு மாட்டாதீர்கள்

இன்ஸ்டாகிராமில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்வதும் போர்டுதான். முதல் ஆள் தற்கொலை எண்ணத்தோடு எழுதும் இரவில் உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. தெரியாதது உங்கள் குற்றமும் இல்லை, இன்னும் அங்கே வரவில்லை, அவ்வளவுதான். ‘உளவியல் பட்டதாரி’ என்று போடுங்கள், அழகாகத்தான் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு” என்று சேர்த்துவிடாதீர்கள். சம்பளக் கணக்கு பையனுக்குப் போடுவதுபோலவே பெண்ணுக்கும் போடுங்கள். முதல் சில வருடம் வருமானம் சுமார்தான் என்பதைச் சேர்க்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். படிப்பு முடியும் முன்பே மச்சினர் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவைக்க அவளை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கமும் கோபம் வந்து கடைசியில் பழி அவள் மேல் விழும்.

மண்டபத்தில் நாலு பேர் முன்னால் நிறுத்தி, “சைக்காலஜி படிக்கிறியாமே, நான் இப்ப என்ன நினைக்கிறேன் சொல்லு பார்ப்போம்” என்று கேட்காதீர்கள். எல்லாக் கல்யாணத்திலும் ஒரு பெரியப்பா இதைக் கேட்கிறார். பிள்ளைகள் நெளிகிறார்கள். போன தை மாதம் எங்கள் இரண்டாமாண்டு மாணவி மட்டும் பெரியப்பாவை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: “பந்தி எப்ப போடுவாங்கன்னு நினைக்கறீங்க பெரியப்பா.”

சரியாகத்தான் இருந்ததாம்.